மூடியக்காவும் காற்றைக் குடிக்கும் பொடியும்

எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்கிறேன் என்று யாராவது கிளம்பினால் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. நான் சாமி இல்லை என்று சொல்கிறவள் அல்ல. வெள்ளிக்கிழமை தவறாமல் ஈப்போ சிலிபினில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து அம்மன் கோயிலுக்குப் போகிறவள். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறவள். காலையில் விளக்கேற்றாமல் பச்சைத் தண்ணீர் குடிக்காதவள். சாமி மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. சாமியைச் சாட்சிக்கு இழுக்கிற மனிதர்கள் மேல்தான் ஆத்திரம்.

இந்த ஆத்திரத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு கிறிஸ்தவ அக்கா. அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், "என்னைக் கேட்டுத்தான் எழுதினியா?" என்று சண்டைக்கு வருவார். தொழிற்சாலையில் நாங்கள் எல்லோரும் அவரை மூடியக்கா என்றுதான் சொன்னோம். "மூடு! எத்தன தடவ சொல்றது, மூடுன்னு!" என்று நாள் முழுக்கக் கத்துவார். அதில் வந்த பெயர்.

மலேசியாவில் ஈப்போவுக்கு வெளியே, ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டமாக இருந்த இடத்தில் இருந்தது அந்தத் தொழிற்சாலை. தோட்டம் போய்விட்டது, தொழிலாளர்கள் இருந்த லயத்து வீடுகளும் போய்விட்டன. முனியாண்டி சாமி மட்டும் கேட்டுக்குப் பக்கத்தில் தகரக் கூரைக்கடியில் நின்றார். முதலாளி சீனர். அவரும் சாமியை அசைக்கப் பயந்துகொண்டு, சுற்றி வேலி போட்டுக் கொடுத்திருந்தார். அங்கே லாந்தனம் ஆக்ஸைடு என்ற வெள்ளைப் பொடி செய்தார்கள். கேமராவுக்குப் போடுகிற கண்ணாடியில் அது சேருமாம். வெளிநாட்டுக்குப் போகும். நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள். பொடியைப் பையில் அள்ளி, கட்டி, பீப்பாயில் இறக்கி, சீல் வைப்பது என் வேலை. பேக்கிங்கில் இரண்டே பேர்தான். நானும் பூங்கொடியும்.

மூடியக்கா பொடியைச் சோதிக்கிற லேப்பில் இருந்தார். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். ஒல்லியான உடம்பு, கழுத்தில் மெல்லிய சங்கிலியில் ஒரு சிலுவை, வலையில் சுருட்டி அடக்கிய தலைமுடி. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், என்னை லேப்புக்குக் கூப்பிட்டு ஒரு பீங்கான் கிண்ணத்தில் பொடி வைத்தார்.

"இது என்னன்னு நெனைக்கிற?"

"மாவு மாதிரி இருக்கு அக்கா."

"மாவா? பாரு."

நாலைந்து சொட்டுத் தண்ணீர் விட்டார். பொடி உஸ்ஸென்று சத்தம் போட்டு வெடித்து உப்பியது. கிண்ணத்தைத் தொடச் சொன்னார். தொட்டேன், சுட்டது.

"சுண்ணாம்பா அக்கா?"

"சுண்ணாம்புக்கு அக்கா இது. நீ தண்ணி ஊத்தணும்னே இல்ல. சும்மா தெறந்து வச்சா காத்துல இருக்குற ஈரத்த இழுத்துக் குடிக்கும். குடிச்சா எடை ஏறும். பாக்குறதுக்கு மட்டும் அதே வெள்ளை. குடிகாரன் சட்டைய இஸ்திரி போட்டுப் போட்டுக்கிட்டு வந்த மாதிரி. புரியுதா? அப்ப என்ன செய்யணும்?"

"மூடணும்."

"இத மறந்தே, கொன்னுடுவேன்."

இதுதான் எனக்கு அவர் கொடுத்த வரவேற்பு. அன்றைக்கே அவரைப் பிடிக்காமல் போனது.

பிடிக்காமல் போக நிறையக் காரணம் இருந்தது. கேன்டீனில் யாராவது பிஸ்கட் டின்னைத் திறந்து வைத்துப் பேசிக்கொண்டிருந்தால், இவர் கடந்து போகும்போது படாரென்று மூடிவிட்டுப் போவார். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற தம்பிதுரை அண்ணன் ஒருநாள், "வாயத் தெறந்தா அதையும் மூடுவாங்க லா, பாத்து சாப்பிடுங்க," என்றார். எல்லோரும் சிரித்தோம். மூடியக்கா திரும்பி, "உன் வாய்க்கு மூடி செய்யிற கம்பெனி இன்னும் தொறக்கல," என்று சொல்லிவிட்டுத் தன் கோப்பியை எடுத்துக்கொண்டு போனார்.

அந்தப் பொடி எப்படிப் பிறக்கிறது என்று காட்டியதும் அவர்தான். பெரிய தொட்டியில் லாந்தனம் கரைந்த தண்ணீர் நிற்கும். பார்த்தால் குழாய்த் தண்ணீர்தான். அதில் ஆக்ஸாலிக் ஆசிட்டை ஊற்றினால், பால் திரிந்தாற்போல வெள்ளையாக அடியில் இறங்கும். அதை வடிகட்டி, கழுவி, காயவைத்து, தொள்ளாயிரம் டிகிரியில் சூளையில் சுட்டால் கடைசியில் மிஞ்சுவது ஆக்ஸைடு. சண்டையெல்லாம் கழுவுகிற இடத்தில்தான். மூன்று தண்ணீர் விட்டால் போதும் என்பார்கள் ஆண்கள். இவர் வடிந்த தண்ணீரைக் கொஞ்சம் பிடித்து, ஒரு சொட்டு நைட்ரிக் ஆசிட் விட்டு, அதன் மேல் இரண்டு சொட்டு சில்வர் நைட்ரேட் விடுவார். கலங்கினால் உப்பு இன்னும் போகவில்லை என்று அர்த்தம்.

"கலங்குதா இல்லியா? கண்ணு எங்க வச்சிருக்க? திரும்பக் கழுவு!"

அந்த மருந்து பட்டுப் பட்டு அவருடைய விரல் நுனியெல்லாம் கறுத்துக் கிடந்தது. சர்ச்சில் ஒரு அம்மா, மருதாணி வைத்தது இப்படியா பிடித்தது என்று கேட்டாராம். "கோவத்துல கருகிடுச்சுன்னு சொன்னேன்," என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்த நாட்களை எண்ணிவிடலாம்.

இன்னொரு நாள் கோயில் திருநீற்றைப் பொட்டலமாகக் கொண்டு போயிருந்தேன். எல்லோருக்கும் கொடுத்தேன். அவருக்குக் கொடுக்கலாமா என்று தயங்கினேன், வேற மதமாச்சே என்று. அவரே கையை நீட்டினார். வாங்கியவர் பூசிக்கொள்ளவில்லை. விரலால் தேய்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நல்லா வெந்திருக்கு. கரியே இல்ல. எத்தன மணி நேரம் எரிச்சாங்க?"

எனக்கு வந்ததே கோபம். "அக்கா, அது சாமி பிரசாதம்!"

"நானும் குத்தம் சொல்லலியே. இத எரிச்சவன் ஒழுங்கா வேல செஞ்சிருக்கான்னு சொல்றேன்."

நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. இப்போது நினைத்தால், மூடியக்கா வாயிலிருந்து வரக்கூடிய பெரிய பாராட்டே அதுதான்.

மேனேஜருக்கும் அவருக்கும் எப்போதும் ஆகாது. மேனேஜர் நம்மாள். தமிழர். தோட்டத்திலிருந்து படித்து மேலே வந்தவர், நெற்றியில் சந்தனம் இல்லாமல் பார்க்க முடியாது. ஒருமுறை யாரோ விருந்தாளிகளைக் கூட்டிவந்து ஒரு தட்டுப் பொடியைக் காட்டி, "தூய வெள்ளை," என்று பெருமையடித்துக்கொண்டிருந்தார். மூடியக்கா உள்ளே வந்தார். ஒரு வெள்ளைக் காகிதத்தை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அவ்வளவுதான். காகிதத்துக்குப் பக்கத்தில் அந்தப் பொடி தேத்தண்ணி சிந்தித் துடைத்த துணி மாதிரி தெரிந்தது. வேறு ஏதோ உலோகத்தின் ஆக்ஸைடு துளி கலந்திருந்தாலும் அப்படிப் பழுப்படிக்குமாம். விருந்தாளிகள் முன்னால் மேனேஜரின் முகம் போன போக்கை நாங்கள் கண்ணாடி வழியாகப் பார்த்தோம்.

"ஏங்க்கா இப்படிச் செய்றீங்க? தனியா சொல்லலாம்ல?" என்று கேட்டேன்.

"அவன் பொய்ய தனியாவா சொன்னான்?"

அவருடைய கோபம் முழுக்க இந்த ஒரு இடத்தில்தான் இருந்தது. பார்த்ததை வைத்து ஒன்றும் சொல்லக் கூடாது. சுட வேண்டும், ஆறவைக்க வேண்டும், நிறுக்க வேண்டும், பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். அடுப்படியில் உப்புப் பார்க்கிற எங்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது.

பிறகு அந்த மழைக்காலம் வந்தது.

வெளிநாட்டிலிருந்து ஒரு புகார். நாங்கள் அனுப்பிய பீப்பாய்களில் பொடியைச் சுட்டுப் பார்த்தார்களாம். எடை வெகுவாகக் குறைகிறது, உள்ளே வேறு எதையோ கலந்திருக்கிறீர்கள் என்றார்கள். ஒரே சூட்டில் சூளையிலிருந்து வந்த அந்த லாட்டைக் கட்டியது நானும் பூங்கொடியும். கட்டிய அன்றைக்கு மூடியக்கா ஊரில் இல்லை, சூளை திறந்த சாயங்காலமே லூமுட்டில் சொந்தக்காரர் கல்யாணம் என்று லீவில் கிளம்பியிருந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை, அன்றைக்கும் மூடியக்கா லீவு. மேனேஜர் எல்லோரையும் முனியாண்டி சாமி முன்னால் நிற்க வைத்தார். முப்பது பேர் இருக்கும், பாதிக்கு மேல் ஆண்கள்.

"யாரோ பொடிய எடுத்துட்டு சுண்ணாம்பக் கலந்து வச்சிருக்கீங்க. போலீசுக்குப் போனா எல்லாருக்கும் அசிங்கம். நாம சாமிக்குப் பயந்தவங்க. பேக்கிங் ரெண்டு பேரும் சூடம் அணைச்சு சத்தியம் பண்ணுங்க. முடிஞ்சது."

நான் போனேன். எனக்கு என்ன பயம்? நான் எதையும் எடுக்கவில்லை. தட்டில் சூடம் எரிந்தது. "இந்தப் பொடியில நான் ஒரு துளியும் எடுக்கல, எதையும் கலக்கல, முனியாண்டி மேல சத்தியம்," என்று சொல்லி ஓங்கி அடித்து அணைத்தேன். உள்ளங்கை சுட்டது. மனசு குளிர்ந்தது. இதை எழுதக் கூசுகிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது. பெருமையாக இருந்தது.

அடுத்தது பூங்கொடி. அவள் நகரவில்லை.

"ஏம்மா நிக்கிற?"

"சார்... இன்னைக்கு வேணாம் சார். நாலு நாள் கழிச்சுப் பண்றேன்."

"நாலு நாளா? அதுக்குள்ள பரிகாரம் பண்ணப் போறியா?"

ஆண்கள் சிரித்தார்கள். பூங்கொடி என்னைப் பார்த்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. அவளுக்கு வீட்டுக்குத் தூரம். மாதத்தில் அந்த நாட்களில் சாமி வேலிக்குள் கால் வைக்கக் கூடாது, சூடத்தைத் தொடவே கூடாது. அவள் சாமிக்குப் பயந்தவள், அதனால்தான் நின்றாள். பயப்படாதவளாக இருந்தால் போய் அடித்துவிட்டு வந்திருப்பாள், யாருக்குத் தெரியும்?

மேனேஜருக்கும் வீட்டில் மனைவி உண்டு, இரண்டு பெண் பிள்ளைகள் உண்டு. நாலு நாள் என்று ஒரு பெண் சொன்னால் என்னவென்று தெரியாதா அந்த மனுஷனுக்கு? தெரியாமல் கேட்டாரா, தெரிந்தே கேட்டாரா? எதுவாக இருந்தாலும் என்னால் அவரை மன்னிக்க முடியாது.

என்னையும்தான். நான் வாயைத் திறக்கவில்லை. முப்பது பேர் முன்னால், ஆண்கள் முன்னால், அதை எப்படிச் சொல்வது? இருக்கிறது இரண்டு பேர். ஒருத்தி அடித்துச் சத்தியம் செய்துவிட்டாள், மற்றவள் பின்வாங்குகிறாள். அப்புறம் யார் திருடி? கேட்கவே வேண்டாம். "நீ வீட்டுக்குப் போம்மா, கூப்பிட்டா வா," என்றார் மேனேஜர். பூங்கொடி பையை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனாள்.

மறுநாள் மூடியக்கா வந்தார். விஷயத்தைக் கேட்டதும் நேரே பேக்கிங்குக்கு வந்து என் முன்னால் நின்றார்.

"அந்தப் பொண்ணு ஏன் பண்ணல?"

மெதுவாகச் சொன்னேன். அவருடைய முகம் சிவந்தது.

"உனக்குத் தெரியும். தெரிஞ்சும் நின்ன."

"நான் பொய் சத்தியம் பண்ணலக்கா..."

"பொய்யா பண்ணியிருந்தாகூட ஒத்துக்குவேன் லா! நீ பண்ணது உண்மை. அந்த உண்மைய வச்சுத்தான் அவள அடிச்சிருக்கானுங்க. இந்தப் பொடிய எடுத்து அவ என்ன செய்வா? பாசார் மாலாம் சந்தையில கூறு கட்டி விப்பாளா? ஒருத்தனுக்காவது கேக்கத் தோணுச்சா?"

பிறகு, "அந்த லாட் சூளையில இருந்து வந்தப்ப எங்க ஆறுச்சு?" என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்கே உறைத்தது. ஆறவைக்கிற அறையில் ஈரம் உறிஞ்சுகிற மெஷின் கெட்டுப்போய்க் கிடந்தது. லாரி காத்திருக்கிறது, சீக்கிரம் ஆறட்டும் என்று மேனேஜர்தான் தட்டுகளை வெளிக்கதவுக்குப் பக்கத்தில் காற்றாடிக்கடியில் வைக்கச் சொன்னார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ராத்திரி முழுக்கத் திறந்து கிடந்ததைத்தான் காலையில் அள்ளிக் கட்டினோம்.

மூடியக்கா நேரே லேப்புக்குப் போனார். ஒவ்வொரு லாட்டிலும் சூளையிலிருந்து எடுத்த சூட்டோடு கொஞ்சம் எடுத்து, புட்டியில் அடைத்து, தன் அலமாரியில் பூட்டி வைத்திருப்பார். எங்கள் கை படாத பொடி. அதைச் சுட்டு, ஆறவைத்து, மேனேஜரைக் கூப்பிட்டுத் தராசின் முன்னால் உட்கார வைத்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற தராசு அது. பக்கக் கதவைத் திறந்தே வைத்தார்.

"நம்பரப் பாருங்க. ஒண்ணும் பேச வேணாம், பாருங்க."

நான் வாசலில் நின்று பார்த்தேன். யாரும் எதையும் போடவில்லை, யாரும் தொடவில்லை. கடைசி எண் ஒன்று ஏறியது. மறுபடி ஒன்று. மறுபடி ஒன்று. நிற்காமல் ஏறிக்கொண்டே இருந்தது.

"யார் சார் இப்ப சுண்ணாம்பு போடறா? முனியாண்டியா?"

அதோடு விடவில்லை. அதே கிண்ணத்தை அதே கதவுக்குப் பக்கத்தில், அதே காற்றாடிக்கடியில் வைத்து, மறுநாள் காலை எடுத்து நிறுத்தார். பத்து கிராம் பொடி பதினொன்றைத் தாண்டியிருந்தது. சுட்டார், பழையபடி பத்துக்கு வந்தது. நாங்கள் கட்டிய லாட்டில் மீதமிருந்த பீப்பாயிலும் எடுத்துச் சுட்டார். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்தன. சுண்ணாம்பு இருக்கிறதா என்று தனியாகவும் சோதித்தார். இல்லை. எல்லாவற்றையும் லேப் புத்தகத்தில் எழுதி, எங்கே ஆறியது, யார் வைக்கச் சொன்னது என்பதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அந்தப் பக்கத்தைக் கிழிக்கச் சொன்னார்கள். அவர் கிழிக்கவில்லை. மூன்று மாதத்தில் கான்ட்ராக்ட் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. தெலுக் இந்தானில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே யார் வீட்டு டின்களை மூடிக்கொண்டிருக்கிறாரோ, தெரியாது. பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு முன்னால் நடந்ததை.

வியாழக்கிழமை சாயங்காலம் என்னைக் கையோடு பூங்கொடி வீட்டுக்கு இழுத்துப் போனார். பூங்கொடியின் மாமியார் கதவைத் திறந்துவிட்டு எங்களோடு பேசாமல் உள்ளே போய்விட்டார். திருடி என்ற பேச்சு அதற்குள் வீடு வரைக்கும் வந்திருந்தது. பூங்கொடி அழுது அழுது முகம் வீங்கியிருந்தாள்.

"நாளைக்கு வேலைக்கு வா. நீ ஒண்ணும் பண்ணலன்னு காட்டியாச்சு," என்றார் மூடியக்கா.

"பொடி சரிக்கா. நான் ஏன் சத்தியம் பண்ணலன்னு கேப்பாங்களே? நான் எப்படி என் வாயால சொல்வேன்?" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்கக்கா. நீங்கதான் பக்கத்துல நின்னீங்க."

"பாக்கலாம்," என்றேன். வெட்கம் கெட்ட வார்த்தை.

வெள்ளிக்கிழமை காலை, அதே இடம், அதே முப்பது பேர். மூடியக்கா விடாமல் நின்றதால்தான் மேனேஜர் வந்தார். "விசாரிச்சாச்சு. டெக்னிக்கல் பிரச்சின. யார் மேலயும் தப்பில்ல. போங்க, கெர்ஜா பாருங்க, வேலையப் பாருங்க," என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் திரும்பினார். தட்டுகளைக் கதவோரம் வைக்கச் சொன்னது யார் என்று ஒரு வார்த்தை இல்லை. திருடி என்று கைகாட்டியவளின் பெயர்கூட அவர் வாயில் வரவில்லை.

கூட்டத்தில் யாரோ ஒருவன் சொன்னான்: "தப்பில்லன்னா அன்னைக்கு ஏன் சூடத்தத் தொடல?"

"அதான லா," என்றான் இன்னொருவன்.

பூங்கொடி தலையைக் குனிந்துகொண்டாள். மூடியக்கா வாயைத் திறக்கவில்லை. அவரால் சொல்லியிருக்க முடியும். ஆண்கள் என்றெல்லாம் பார்க்கிற ஆள் இல்லை அவர். சொல்லாமல் என்னையே பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை, கோபம் மட்டும்தான் இருந்தது.

நான் மூன்றடி முன்னால் வந்தேன். முனியாண்டி பக்கம் பார்த்தேன், பிறகு சாமியை விட்டு ஆண்கள் பக்கம் திரும்பினேன்.

"அவளுக்கு அன்னைக்கு வீட்டுக்குத் தூரம். தீட்டோட சாமிகிட்ட வரக்கூடாதுன்னு நின்னா. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நான் சொல்லல."

சிலர் தரையைப் பார்த்தார்கள். சிலருக்கு அது காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. பூங்கொடி என் கையைப் பிடித்தாள். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்து நான் பின்னால் நகரப் போனேன்.

"நில்லு," என்றார் மூடியக்கா. "பின்னால ஃபோர்க்லிஃப்ட் பக்கம் நிக்கிறவங்களுக்குக் கேக்கல. இன்னும் சத்தமா சொல்லு."

மறுபடியும் சொன்னேன்.